கணக்கில் இடித்த 75 சென்ட்

1986 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினியைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவருக்கும் பயன்படுத்திய நேரத்துக்குத் தக்கபடி கட்டணம் உண்டு. அந்த மாதக் கணக்கை முடிக்கும்போது 75 சென்ட் இடித்தது. யாரோ ஒன்பது வினாடி கணினியை ஓட்டியிருக்கிறார்கள், பணம் கட்ட ஆளைக் காணோம். தொலைநோக்கி வேலைக்கான நிதி தீர்ந்துபோய்க் கணினிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்த கிளிஃப் ஸ்டோல் என்ற வானியலாளரிடம், புதிதாக வந்தவருக்குத் தருகிற எடுபிடி வேலையாக அதை ஒப்படைத்தார்கள்.

நம் ஊர்க் கடைகளில் இவ்வளவு சில்லறை இடித்தால் கல்லாவில் கைக்காசைப் போட்டு நேர் செய்துவிடுவார்கள். ஸ்டோல் விடவில்லை. வெளியிலிருந்து ஆய்வகத்துக்கு வருகிற ஐம்பது தொலைபேசி இணைப்புகளுக்கும் அச்சுப்பொறியோ முனையமோ ஒன்றை மாட்டினார். அத்தனை கருவிகளுக்கு எங்கே போவது? வார இறுதியில் சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து கேட்காமலே 'கடன்' வாங்கிக்கொண்டார். ஆய்வகத் தரையிலேயே படுத்துத் தூங்கினார். மாதக்கணக்கில் நீண்ட அந்தத் துரத்தல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்து, கிடைத்ததைச் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.க்கு விற்ற கூட்டத்தில் அவர் ஒருவர்.

ஸ்டோல் படித்தது கோள்களைப் பற்றி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பொறியியல் கலந்தாய்வில் 'கணினி அறிவியல் (சைபர் செக்யூரிட்டி)' என்று குறித்து, ஸ்டோல் செய்த வேலைக்கென்றே நான்கு ஆண்டு படிக்கலாம். அப்படி அந்த நான்கு ஆண்டில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்? பெற்றோர் பலரும் நினைப்பதுபோல இருட்டு அறையில் தலைமறைப்புச் சட்டையோடு உட்கார்ந்து பூட்டு உடைக்கிற வித்தையா?

இதற்கு எழுத்தில் ஒரு பதில் இருக்கிறது. 2017 டிசம்பரில் ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. உள்ளிட்ட கணினித் துறை அமைப்புகள் சேர்ந்து இந்த இளநிலைப் படிப்புக்கென ஒரு பாடத்திட்ட வழிகாட்டியை வெளியிட்டன. அது படிப்பை எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கிறது. தரவு, மென்பொருள், உதிரிபாகம், இணைப்பு, முழு அமைப்பு என்று ஐந்து. மிச்சம் மூன்றும் மனிதர், நிறுவனம், சமூகம். எட்டில் மூன்று பங்கு கணினியைப் பற்றியதே அல்ல என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் பொறியியல், கணினிப் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் 'ஏபெட்' அமைப்பு இன்னும் கறாராகப் பேசுகிறது: கணினியும் பாதுகாப்புமாகக் குறைந்தது 45 கிரெடிட், கணிதம் குறைந்தது 6 கிரெடிட். அந்தக் கணிதத்தில் டிஸ்கிரீட் மேத்ஸும் புள்ளியியலும் கட்டாயம்.

நம் கலந்தாய்விலும் கணிதம்தான் முதல் வாசல். கட்-ஆஃப் 200 என்றால் அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. "சேர்ந்த பிறகு கணக்கு எதற்கு, கோடிங்தானே?" என்று நினைக்கிற பிள்ளைகள்தான் டிஸ்கிரீட் மேத்ஸில் அரியர் வைக்கிறார்கள். அந்தப் பாடத்தின் ஓரத்தில் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது. ஒரு காகிதம் இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம்.

3, 11 என்று இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 33. நான் ஊருக்கே கேட்கும்படி சொல்கிறேன்: "எனக்கு ரகசியம் அனுப்ப விரும்புகிறவர்கள் தங்கள் எண்ணை மூன்று முறை எடுத்துப் பெருக்கி, 33ஆல் வகுத்து, மீதியை அனுப்புங்கள்." நீங்கள் அனுப்ப நினைக்கும் ரகசியம் 4. நான்கு நான்கு பதினாறு, அதையும் நான்கால் பெருக்கினால் 64. 33ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31ஐ அஞ்சலட்டையில் எழுதியே அனுப்பலாம். வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என் கைக்கு வந்ததும் 31ஐ ஏழு முறை எடுத்துப் பெருக்குகிறேன். 2,751 கோடியே 26 லட்சத்து 14 ஆயிரத்து 111 வருகிறது. அதை 33ஆல் வகுத்தால் மீதி, அச்சாக 4.

பூட்டுகிற சாவி 3, எல்லோருக்கும் தெரியும். திறக்கிற சாவி 7, எனக்கு மட்டும் தெரியும். ஏழு என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? 33க்குள் 3ம் 11ம் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கினால் 20. மூன்றோடு எதைப் பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி ஒன்று வருமோ, அதுவே சாவி. மூவேழு இருபத்தொன்று. இதன் அடியில் இருக்கும் உண்மையை ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1640இல் ஒரு கடிதத்தில் எழுதினார், பிறகு ஆய்லர் அதை விரித்தார். மூன்று நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் அதனால் காலணா பயனில்லை. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி, எண் கோட்பாட்டால் போருக்கு ஒரு உபயோகமும் இல்லை என்று 1940இல் நிம்மதியோடு எழுதினார். 1973இல் பிரிட்டிஷ் உளவு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்த கிளிஃபர்ட் காக்ஸ் இந்த முறையைக் கண்டுபிடித்தார். ராணுவ ரகசியம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் 1997 வரை திறக்கவில்லை. அவரை அறியாமலே 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதையே கண்டுபிடிக்க, அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளால் அது ஆர்.எஸ்.ஏ. ஆனது.

33ஐப் பார்த்ததும் 3, 11 என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆகவே நிஜத்தில் எண்ணைப் பெரிதாக்குகிறார்கள். 250 இலக்கம் கொண்ட ஓர் எண்ணை ஆய்வாளர்கள் 2020 பிப்ரவரியில் இரண்டு பகா எண்களாக உடைத்தார்கள். ஒரே ஒரு கணினிக் கோர் செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டு ஆகியிருக்கும். இப்போது பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. எண்ணுக்கு 617 இலக்கம். பெருக்குவது நொடி வேலை, பிரிப்பது யுகவேலை. இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் இணையத்தின் கணிசமான பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிக்கும் வேலை கடினம் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் அதே பாடத்தில் சொல்லித் தருவார்கள். எனக்கு அந்த வகுப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அடுத்து சி மொழி. முதல் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளையும் அழவைக்கும் 'பாயின்டர்' இங்கேதான் வரும். "இதெல்லாம் பழைய மொழி, பைத்தான் போதாதா?" என்பது வழக்கமான புலம்பல். பாதுகாப்பு படிக்கிறவருக்குப் போதாது. சி மொழி நினைவகத்தைத் திறந்து காட்டிவிடுகிறது, கூடவே அதன் ஆபத்தையும். ஒரு சமையற்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்காரர் நடுவில் வேறு வேலையாகப் போகும்போது, திரும்பி வந்து எந்த அடுப்பைக் கவனிக்க வேண்டும் என்று சிலேட்டில் குறித்துவைத்துப் போகிறார். அதே சிலேட்டில் அந்தக் குறிப்புக்கு மேலே, வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு கட்டம். பெயர் கட்டத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்க ஆளில்லை. ஒருவர் வேண்டுமென்றே நீளமாக எழுதுகிறார். எழுத்து கட்டத்தைத் தாண்டி வழிந்து, கீழே இருந்த அடுப்புக் குறிப்பை அழித்து, அந்த இடத்தில் வேறொரு குறிப்பாக உட்கார்ந்துகொள்கிறது. சமையற்காரர் திரும்பி வந்து, எழுதியிருப்பதை அப்படியே நம்பி, திருடன் மூட்டிய அடுப்பைக் கிண்டத் தொடங்குகிறார்.

1988 நவம்பர் 2ஆம் தேதி நடந்தது இதுதான். கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் ஒரு நிரலை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். யார் யார் கணினியில் இருக்கிறார்கள் என்று விசாரிக்கும் 'ஃபிங்கர்' என்ற சிறு சேவை, வரும் கேள்விக்கு 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. மோரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. கூடுதலான அந்த 24 பைட்தான் அடுப்பை மாற்றியது. இன்னும் சில வழிகளிலும் புகுந்த அந்தப் புழு, அப்போது இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000ஐ முடக்கியதாக மதிப்பிட்டார்கள். மோரிஸின் தந்தை அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வில் கணினிப் பாதுகாப்புக்கே தலைமை விஞ்ஞானி! மகனுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

இந்தக் கலவரத்துக்குப் பிறகுதான், ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூப்பிட ஓர் இடம் வேண்டும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' குழு பிறந்தது. இந்தியாவில் அந்தப் பொறுப்பு 2004 முதல் செயல்படும் 'செர்ட்-இன்' அமைப்புக்கு. கணினி ஊடுருவல் தெரிய வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தனக்குச் சொல்ல வேண்டும் என்று நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலில் அது உத்தரவிட்டது.

கம்பைலர் பாடத்தை விளக்க ஒரே ஒரு கதை போதும். யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான கென் தாம்சன், தன் டூரிங் விருது உரையில் ஒரு குறும்பை விவரித்தார். நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அந்தக் கம்பைலருக்குள்ளேயே ஒரு திருட்டு வழியை வைத்துவிட்டால், நுழைவு நிரலை மாற்றும்போதெல்லாம் அது ரகசியக் கதவு ஒன்றைச் சேர்த்துவிடும். நுழைவு நிரலின் மூலத்தை எத்தனை முறை படித்தாலும் கதவு தெரியாது. சரி, கம்பைலரின் மூலத்தைச் சுத்தம் செய்து மறுபடி உருவாக்கலாமே? உருவாக்க எதைப் பயன்படுத்துவீர்கள்? அதே திருட்டுக் கம்பைலரைத்தான். அது தன் குட்டிக்கும் பால் கொடுத்தே அனுப்பும். உரை அச்சானது 1984இல். கண்ணால் பார்த்ததை நம்பினால் மட்டும் போதாது, பார்க்க உதவிய கண்ணாடியையும் சந்தேகிக்க வேண்டும் என்று மாணவருக்கு முதன்முதலில் உறைக்கிற இடம் இது.

நெட்வொர்க் பாடமும் நம்பிக்கையைப் பற்றியதுதான். ஒரே வைஃபையில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று தேடும் முறையை 1982இல் வகுத்தார்கள். தெருமுனையில் நின்று "192.168.1.1 யாருப்பா?" என்று கூவ வேண்டியது. "நான்தான்" என்று எந்தக் குரல் வந்தாலும் நம்ப வேண்டியது. அடையாள அட்டை கேட்பதில்லை. பெரும்பாலான வீட்டு நெட்வொர்க்குகளில் இன்றைக்கும் அதே வழக்கம்தான்.

புள்ளியியலைப் பலரும் ஒப்புக்குப் படிக்கிறார்கள். ஒரு வங்கியின் வாசலில் எச்சரிக்கை மணி ஒன்றை வைக்கிறோம் என்று கொள்வோம். ஒரு நாளில் பத்து லட்சம் பேர் உள்ளே நுழைகிறார்கள், அதில் பத்துப் பேர் திருடர்கள். மணி பத்துத் திருடரையும் தவறாமல் பிடிக்கும். நல்லவர் நூறு பேரில் ஒருவரை மட்டும் திருடன் என்று தப்பாக நினைத்து அடிக்கும். கேட்பதற்கு அருமையான மணி, வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்தில் நூற்றில் ஒன்று என்றால் பத்தாயிரம் பொய் மணி, பத்து மெய் மணி. ஆயிரம் முறை அடித்தால் ஒரு முறைதான் உண்மை. இரவுப் பணியில் இருக்கும் பையன் முந்நூறாவது மணிக்கே அதை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவனைத் திட்டிப் பயனில்லை. 99 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டு மயங்கியவர்களைத்தான் திட்ட வேண்டும்.

சட்டமும் அறவியலும் தேர்வுக்கு முந்தின இரவு படித்துத் தேறுகிற பாடங்கள் என்று பெயர் வாங்கியவை. உண்மையில் இந்தப் படிப்பில் மாணவரைச் சிறையிலிருந்து காப்பாற்றக்கூடிய பாடங்கள் இவை மட்டும்தான். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைந்தாலே இழப்பீடு என்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவு: மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. "சும்மா பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்" என்பது 43ஆம் பிரிவுக்கு முன் செல்லாது. மோரிஸும் இணையம் எவ்வளவு பெரிது என்று பார்க்கத்தான் செய்ததாகச் சொன்னார். பூட்டு உடைக்கிறவருக்கும் பூட்டைப் பரிசோதிக்கிறவருக்கும் கையிலிருக்கும் கருவி ஒன்றுதான். பின்னவரிடம் கூடுதலாக ஓர் அனுமதிக் கடிதம் இருக்கும்.

மனிதர், நிறுவனம், சமூகம் என்ற அந்த மூன்று பகுதிகளுக்கு வருகிறேன். 'எக்ஸ்-இசட்' என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. அதைப் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் கிட்டத்தட்ட ஒரே மனிதர் பராமரித்து வந்தார். 2021இலிருந்து 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து உதவத் தொடங்கினார். பணிவானவர், வேலையும் சுத்தம். இன்னொரு பக்கம் வேறு சில பெயர்கள் அந்தப் பழைய பராமரிப்பாளரை நச்சரித்தன: ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதுதானே? களைத்துப்போனவர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல பிள்ளையாக இருந்தபின், 2024 தொடக்கத்தில் அந்தப் பெயரிலிருந்து ஒரு புதிய பதிப்பு வெளியானது. சோதனைக்கான பழுதுபட்ட கோப்புகள் என்ற பெயரில், தொலைவிலிருந்து சர்வர்களுக்குள் நுழைகிற கள்ளக் கதவு அதற்குள் இருந்தது. இங்கே எந்தக் கணிதமும் உடைக்கப்படவில்லை. ஒரு மனிதரின் களைப்புதான் உடைக்கப்பட்டது. ஜியா டான் யார் என்று இன்றுவரை வெளியுலகுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்பு நிறுவனமும் அல்ல. மைக்ரோசாஃப்டில் தரவுத்தள வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ண்ட் தன் கணினியில் வேக அளவீடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். உள்நுழைவுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி ஆக வேண்டிய இடத்தில் 0.8 வினாடி ஆனது. அரை வினாடி. உறுத்தியது, தோண்டினார். 2024 மார்ச் 29ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான சர்வர்கள் பயன்படுத்தும் நிலையான லினக்ஸ் பதிப்புகளுக்குள் அந்தக் கதவு போய்ச் சேர்வதற்கு முன்பே அடைத்துவிட்டார்கள்.

75 சென்ட்டும் அரை வினாடியும் எந்த செமஸ்டரிலும் பாடமாக வராது. ஆனால் அரை வினாடி என்பது அதிகம் என்று தெரிய, இயல்பில் எவ்வளவு ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இயங்குதளம் தெரிய வேண்டும். உறுத்தியதைத் தோண்ட சி மொழியும் கம்பைலரும் தெரிய வேண்டும். தோண்டியதை யாரிடம், எந்த முறையில் சொல்வது என்பதற்கு அந்தக் கடைசி மூன்று பகுதிகள். இந்தப் படிப்பில் முதல் இரண்டு ஆண்டு வழக்கமான கணினி அறிவியல் போலவே இருக்கிறதே என்று பிள்ளைகள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும். அதைச் சுருக்கிவிட்டு முதல் செமஸ்டரிலேயே ஹேக்கிங் கருவிகளைக் கையில் கொடுக்கிற கல்லூரியை நான் நம்பமாட்டேன். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஃபெர்மாவின் கடிதம் அப்படியே இருக்கிறது.

கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 'பிகோ-சி.டி.எஃப்.' என்று பள்ளி மாணவர்களுக்கான புதிர்ப் போட்டி ஒன்றை நடத்துகிறது. இலவசம், உடைப்பதற்கென்றே செய்துவைத்த பூட்டுகள், வழக்கு வராது. ஒரு வாரம் அதில் உட்கார்ந்து பாருங்கள். தூக்கம் கெட்டாலும் விடமுடியவில்லை என்றால் இந்தப் பாடத்தைக் குறியுங்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பலகையையும் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். டிஸ்கிரீட் மேத்ஸ் யார் நடத்துகிறார்கள்? வெளி இணைப்பே இல்லாமல், மாணவர்கள் தாக்கிப் பழகவென்று தனியாக வைத்த ஆய்வகம் எந்த மாடியில் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால், பட்டியலில் அந்தக் கல்லூரியைக் கீழே இறக்கிவிடுங்கள்.